காப்பெட் றோட்டும் பின் சொக்கும்

தொண்ணூறுகளில் மட்டக்களப்பின் புளியந்தீவில் மோட்டார் சைக்கிளின் சொக் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. பேசியிருக்க வேண்டிய காலம் அதுதான். ஊரைத் தாண்டினால் றோட்டு குண்டும் குழியுமாகக் கிடக்கும். 1924இல் திறந்த கல்லடி இரும்புப் பாலத்தில் எதிரே லொறி வந்தால் ஒதுங்க இடமில்லை. படுவான்கரைக்குப் போவதென்றால் மண்முனைத் துறையில் படகுப்பாதையில் ஏற்றி வாவியைக் கடந்து, மறுகா கிரவல் றோட்டு. சோதனைச் சாவடி வந்தால் எல்லோரும் இறங்கி உருட்ட வேண்டும். அப்பாவின் ஹொண்டா சி.டி. 125 இத்தனையும் கண்டது. பெற்றோல் தாங்கியில் நான், பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு அம்மா, அவர் மடியில் தம்பி.

முன் போர்க்கின் சீல் போய் ஒயில் வழிந்தால், கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை எஞ்சின் ஒயிலை ஊற்றி அனுப்பிவிடுவார்கள். தடித்த ஒயில் உள்ளே இருக்கும் சின்னத் துவாரங்களால் லேசில் போகாது. போர்க் அமுங்க மறுக்கும். அடி நேரே மணிக்கட்டுக்கு ஏறும். பின் சொக்கின் புஷ் தேய்ந்தால் பழைய டயரில் வெட்டிய றப்பர்த் துண்டு. அம்மாவின் இடுப்பு வலி அந்த வருடங்களில்தான் தொடங்கியது. வீட்டு வேலைக் களைப்பு என்று எல்லோரும் சொன்னார்கள்.

போர் முடிந்து பெருவீதிகள் காப்பெட் ஆயின. 2013இல் புதிய கல்லடிப் பாலம், 2014இல் மண்முனைப் பாலம். றோட்டு வழுவழுப்பான பிறகுதான் கராஜ் வாசலில் பொடியன்கள் காஸ் டப்பா வைத்த சொக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எனக்கு இதில் மனம் நிறைந்த சந்தோஷம். நல்ல றோட்டில் வேகம் கூடும்; மணிக்கு முப்பது கிலோமீற்றரில் தெரியாத மேடு அறுபதில் முதுகெலும்பைத் தேடி வரும். பாலம் தொடங்கும் இடத்து இணைப்பில் ஏறிப் பார்த்தவருக்குத் தெரியும். போதாததற்கு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் பழைய பைக்கே கதி என்று இருந்த ஊரில் ஸ்பிரிங்குகள் களைக்காமல் என்ன செய்யும்?

ஆனால் புதுச் சொக்கைப் பூட்டிவிட்டு ஸ்பிரிங் வளையத்தைக் கடைசிப் படிவரை இறுக்கிக்கொண்டு போகிறார்களே, அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மருமகனும் தன் பல்சரை அப்படித்தான் இறுக்கியிருந்தான். கராஜ்காரர் கேட்டார்: “யாரை ஏத்துற நீ?”

“அம்மம்மாவ, ஆசுபத்திரிக்கு.”

“இறுக்கினா ஸ்பிரிங் பலக்கும் எண்டு நினைக்காத மனே. பின்பக்கம் உயருறதுதான் மிச்சம்.”

பைக்கை நிமிர்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, சில்லின் அச்சிலிருந்து சீற்றின் அடிவரை டேப் வைத்து அளந்தார். மருமகனை ஏற்றி மறுபடி அளந்தார். பின் சில்லு ஏறி இறங்கும் மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பைக்கின் பாரமும் ஆளின் பாரமும் சேர்ந்ததிலேயே அமுங்க வேண்டும். அமுங்காத சொக், கிடங்கு வந்தால் சில்லைக் கீழே இறங்க விடாது. வளையத்தைத் தளர்த்தியதும் பின்பக்கம் இறங்கி உட்கார்ந்தது. அம்மம்மா ஏறும் நாளில் இரண்டு படி கூட்டவும், அப்போது முன் லைற் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறதா என்று பார்க்கவும் சொல்லி அனுப்பினார். ஆளுக்கும் பாரத்துக்கும் ஏற்ற ஸ்பிரிங், சரியான தடிப்பில் புது போர்க் ஒயில், டயரில் அளவான காற்று: அன்றாடம் சந்தைக்கும் கந்தோருக்கும் ஓடுகிறவருக்கு இதுவே போதும். காஸ் டப்பா அதற்குப் பிறகு.

நாலு பக்கமும் வாவி சூழ்ந்த புளியந்தீவில் இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்று போர்க் குழாயின் குரோமில் ஊசிமுனையளவு குழிகளைத் தின்றுவிடும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, நகத்தால் வழித்தால் தட்டும். அந்தக் குழி புது சீலின் உதட்டையும் சில மாதங்களில் அறுத்துவிடும். சீலை மாற்றும் முன் குழாயைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டினால் குழாயையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும்.