குச்சித் தோட்டத்துல காட்டைத் தேடுறவுகளுக்கு

வண்டிய அந்த வளைவுலயே நிறுத்திப்புடுங்க. பின்னால பஸ்ஸு வந்தா நிக்கட்டும், டிரைவரும் எறங்கி நாலு காத்து வாங்குவாரு. நான் கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறைக்காரன். மலைப்பூண்டு விக்க உக்காந்திருக்கேன். பூண்டு வாங்காட்டிப் போவுது, வழி கேட்டீகளே, அதச் சொல்றேன்.

"காட்டுக்கு எப்படிப் போறது பெரியவரே"ன்னு கேட்டீக. கேட்டது பைன் மரத்துக்கு நட்ட நடுவுல நின்னுக்கிட்டு. பரவாயில்லயே, இந்தப் புள்ளைக்கு விவரம் இருக்குன்னு ஒரு நிமிசம் ஏமாந்துட்டேன். பெறகுதான் தெரிஞ்சுச்சு, செல்போன்ல சிக்னல் போயி வழி தவறுனதுல கேட்டதுன்னு.

இது காடில்ல தம்பி, தோட்டம். 1906ல பிரையண்ட்டுன்னு ஒரு வெள்ளைக்காரக் காட்டிலாகா அதிகாரி தடிமரத்துக்காக ஆரம்பிச்சு வெச்சது. அவரு பேருல பூங்கா இருக்கே, அவருதான். வரிசையப் பாருங்க, நாங்க பாத்தி கட்டிப் பூண்டு ஊனுற மாதிரியே இருக்கும். நாங்க நாலஞ்சு மாசத்துல புடுங்கிப்புடுவோம். அவரு வெச்சத இன்னும் யாரும் புடுங்கி முடிக்கல, அம்புட்டுத்தான் வித்தியாசம். ஆனா ஒண்ணு, எங்க பூண்டுப் பாத்தியில நின்னு யாரும் கல்யாண ஆல்பம் எடுக்க வர மாட்டேங்குறாக.

கீழ குனிஞ்சு பாருங்க. புல்லு தெரியுதா? ஊசி எலையாக் கொட்டி மெத்தை போட்டுக் கெடக்கு. அதுக்கடியில புல்லு தலை தூக்காது. புல்லு இல்லாத எடத்துல மாட்டுக்கு என்ன வேல? அதனால காட்டுமாடு பாக்கணும்னா இங்க தேடாதீக. ஏரி ரோட்டுல நிக்கும், யாரு வீட்டுத் தோட்டத்துலயாச்சும் முட்டைக்கோசு தின்னுக்கிட்டு இருக்கும். மிருகம் பாக்க நீங்க மரத்துக்குள்ள போறீக, மேய எடமில்லாம மிருகம் ஊருக்குள்ள வருது. 2024 மே மாசத்துலருந்து மலையேற உங்களுக்கு இ-பாஸ் வேணும்னு கோர்ட்டுல சொல்லிட்டாக. காட்டுமாட்டுக்கு அதெல்லாம் கெடையாது. அது உள்ளூரு.

பாத்தீகன்னா என்ன செய்யணும்? கிட்டத்துல போயி நில்லுங்க. நல்ல காளை மாடு ஆளு ஒசரம் இருக்கும், ஆயிரம் கிலோவத் தொட்டு நிக்கும். உங்க சின்னக் காரும் அந்த எடதான், ஆனா காருல பிரேக் இருக்கு. கால்ல வெள்ளக் காலுறை மாட்டுனாப்புல இருக்கும், பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி. அதப் பாத்து ஏமாறுறவுக நெறைய. உங்களக் கண்டா அது ஓடாது. மெதுவாத் திரும்பி, ஒடம்ப முழுசாப் பக்கவாட்டுல காட்டி நிக்கும். "அட, போஸு குடுக்குதுடா"ன்னு நீங்க செல்போன எடுப்பீக. அது போஸு இல்ல தம்பி. "என் அகலத்தப் பாத்துக்க, பெறகு என்னையச் சொல்லாத"ன்னு சொல்லுது. ஒரு மரியாதைக்காரச் சண்டைக்காரன் சட்டையக் கழட்டி மடிச்சு வெக்கிற மாதிரி. பெறகு பொஸ்ஸுன்னு மூச்சு விடும், தலையத் தாழ்த்தும். அந்த நேரத்துல நீங்க முதுகக் காட்டி செல்பி எடுத்தீகன்னா படம் நல்லா வரும். எடுத்தவருதான் பாக்க மாட்டாரு. கன்னுக்குட்டியோட நிக்கிற பசுவு இருக்கே, அது இந்த அறிவிப்பு சம்பிரதாயமெல்லாம் வெச்சுக்காது.

எங்கூருப் பயலுக என்ன செய்வாகன்னா, கண்டதும் நின்ன எடத்துலருந்து பின்னாலயே நகந்து, அது போற வழிய விட்டுருவாக. கோழைப் பயலுக. ஆனா எம்பது வயசு வரைக்கும் இருக்காக.

கொரங்குக்கு பிஸ்கட்டு போடுங்க, புண்ணியம். நாளைக்கு அது பிஸ்கட்டு இல்லாதவன் பையையும் கிழிக்கும், அந்தப் புண்ணியமும் உங்க கணக்குலதான். அப்புறம் அந்தத் தண்ணி பாட்டிலு, சீட்டுக்கு அடியில ஒளிச்சுக் கொண்டாந்தீகளே. அஞ்சு லிட்டருக்குக் கொறஞ்ச பிளாஸ்டிக் பாட்டிலு இங்க ஆகாது, ஒண்ணுக்கு 20 ரூவா புடுங்குவாக. குடிச்சுட்டு இந்த ஊசி மெத்தையில எறிஞ்சா வெளிய தெரியாதுன்னு நெனைக்காதீக. மாசி பங்குனியில இதுல ஒரு பீடித் துண்டு விழுந்தாப் போதும், பாட்டிலு மலை முழுக்கத் தெரியும்.

சரி, காடு எங்கன்னு கேட்டீகள்ல. வர்ற வழியில ரெண்டு எடத்துல தாண்டி வந்திருக்கீக. மொட்ட மேடா ஒண்ணு தெரிஞ்சுச்சே, வெறும் புல்லு, "இங்க ஒண்ணுமே இல்ல, போ"ன்னு ஓட்டுனீகளே, அது மொதல் காடு. பெய்யிற மழைய அந்தப் புல்லுதான் புடிச்சு வெச்சுக் கொஞ்சங் கொஞ்சமா ஓடைக்கு விடும். நீங்க அருவியில குளிக்கிறது அது குடுத்த கடன். 2018ல குறிஞ்சி பூத்ததும் அது மாதிரி மேட்டுலதான், இனி 2030ல வாங்க. வெள்ளைக்காரனுக்கு அது தரிசாத் தெரிஞ்சுச்சு. பெறகு வந்த நம்மாளுக்கும் தரிசாத்தான் தெரிஞ்சுச்சு. சீகை மரம், தைலமரம், பைனுன்னு ஊனித் தள்ளிட்டோம். இதுல மட்டும் அவனுக்கும் நமக்கும் சண்டையே வரல.

ரெண்டாவது காடு சோலை. பள்ளத்து மடிப்புல குட்டக் குட்ட மரமா, பாசி புடிச்சு, கோணலும் மாணலுமா இருட்டா இருக்கும். உள்ள போனா கருமந்தி 'ஹூப்'புங்கும். கருப்பும் ஆரஞ்சுமா குருவி ஒண்ணு பொதருக்குள்ள தவ்வும். மழைக்காலத்துல அட்டை வேற, டிக்கெட்டு வாங்குறது அதுதான். சினிமாக்காரன் அங்க வர மாட்டான், கேமரா நிறுத்த எடமில்ல. உங்களுக்கும் புடிக்காது. பாரஸ்ட்டுக்காரரு அனுமதி இல்லாம விடவும் மாட்டாரு, விடாத வரைக்கும் அதுக்கு நல்லது.

ஆனா ஒரு சமாச்சாரம். அந்தச் சோலை சும்மா இருக்கல. பழந்தின்னிப் பறவைக வெதையக் கொண்டாந்து போட, வயசான பைனுக்கு ஓரமா, அது நெழலுக்குக் கீழயே சோலைக் கன்னு மொளைக்குது. வந்தவன் வீட்டுத் திண்ணையில நின்னே சொந்தக்காரன் கதவத் தட்டுறான். அவசரப்பட மாட்டான், நூறு வருசம் பாத்தவன்.

பூண்டு அரைக் கிலோ போடவா? காரம் நாக்குல நிக்கும். வேண்டாமா, சரி. அந்தக் காலை மட்டும் கொஞ்சம் எடுங்க தம்பி. ஆமா, இடது காலுதான். படம் எடுக்கப் பின்னால பின்னால போனீகள்ல, உங்க பூட்ஸுக்குக் கீழ ரெண்டு எலை விட்டிருக்கு பாருங்க.