தங்கக் காசை நஷ்டத்துக்கு விற்பது எப்படி?

தங்கம் வாங்கச் சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. அட்சய திருதியை வந்தால் விடியற்காலையிலேயே ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கூப்பிடுகிறார்கள். விற்பதற்குத்தான் வழிகாட்டி இல்லை. கையில் இருப்பதை முடிந்த மட்டும் விட்டுக்கொடுத்து விற்க விரும்பும் அன்பர்களுக்காக இது.

காசு வங்கியில் வாங்கியதா? முதலில் அங்கேயே போங்கள். "நாங்க விக்கிறதோட சரி சார், திரும்ப வாங்குறதில்ல" என்பார்கள். அரை நாள் போய்விடும், அவசரமும் வந்துவிடும். அவசரம் இல்லாமல் ஒழுங்காக நஷ்டப்பட முடியாது.

கிளம்புமுன் பிளாஸ்டிக் அட்டையைக் கத்தரித்துக் காசை வெளியே எடுத்துவிடுங்கள். அட்டையில் அச்சிட்ட தரச் சான்று அதோடு செத்தது. பில்லைத் தேடவே வேண்டாம்.

தெரிந்த கடைக்கு மட்டும் போய்விடாதீர்கள். வாங்கும்போது சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று வேன் பிடித்துப் போகிற குடும்பம், விற்கும்போது ஒரே ஆளை அனுப்பும். அதுவும் உச்சி வெயிலில், காய்கறிப் பைக்குள் சுருட்டி வைத்து. தி.நகரில் வாங்கியவர் சௌகார்பேட்டைக்குப் போவார். மதுரைக்காரர் தெற்காவணி மூல வீதியை விட்டுவிட்டுத் திண்டுக்கல் பஸ் ஏறுவார். 'என்ன கஷ்டமோ' என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே! இப்படி வெட்கப்பட்டு வந்தவர் இரண்டாவது கடை ஏறமாட்டார் என்பது விலை போடுகிறவருக்குத் தெரியும். என்னைக் கேட்டால், உருக்குக் கழிவைவிட இந்த வெட்கத்தில்தான் அதிகம் போகிறது.

வாங்க வந்தவருக்கு ஏசி ஹால், காபி. விற்க வந்தவருக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு ஜன்னல். காசை மெஷினில் வைப்பார். திரை அவர் பக்கம் இருக்கும். திருப்பச் சொல்லாதீர்கள், மரியாதையாக இருக்காது. "டச் கொஞ்சம் கம்மி", "பவுனுக்கு 20 மில்லி குறையுது" எல்லாவற்றுக்கும் தலையாட்டுங்கள். உங்கள் காசு 24 காரட். பலகையில் கொட்டை எழுத்தில் இருப்பது 22 காரட் விலை. அதற்கே ஒத்துக்கொண்டால் வேலை சுத்தமாக முடியும். வாங்கியபோது கட்டிய 3 சதவீத ஜிஎஸ்டி என்னாயிற்று என்று கேட்டால் மட்டும் சிரிப்பார்; அதில் அவர் சிரிப்பது நியாயம்தான்.

இனி வெள்ளி. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ராஜா தலை ரூபாய்கள் கிடக்கும். அத்தனையையும் ஒரே பையில் கொட்டி, "மொத்தமா என்ன தருவீங்க?" என்று கேளுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. போர் மும்முரமாக இருந்த 1940களில் வந்ததில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் பெயருக்குக்கூட வெள்ளி கிடையாது, எல்லாம் நிக்கல். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். பிரித்து வைத்தால் மூன்றுக்கும் மூன்று விலை கேட்கலாம். கலந்து கொட்டினால் நல்லதும் நிக்கலோடு சேர்ந்து போய்விடும். முதல்நாள் ராத்திரியே புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுபோவது இன்னும் விசேஷம். பழைய நாணயம் சேர்ப்பவர் வெள்ளி விலைக்கு மேல் கொடுப்பதே அந்தக் கருமைக்கும் தேயாத எழுத்துக்கும்தான்.

பணத்தை ரொக்கமாகத்தான் வாங்குவேன் என்று அடம்பிடியுங்கள். ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே "அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க" என்பார். நீங்கள் அசையாமல் நின்றால், பில் இல்லாமல், கிராமுக்கு இன்னும் கொஞ்சம் குறைத்து, ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒன்று வரக்கூடும். எண்ணிப் பார்க்கத் தோன்றும். பின்னால் ஆள் நிற்கிறாரே, வேண்டாம்.

இத்தனையும் தாண்டிப் பிடிவாதமாக நல்ல விலை கேட்கிறீர்களா? அதற்கும் வழி இருக்கிறது. மேனேஜரே எழுந்து வருவார். "எதுக்கு சார் பணம்? நகையா எடுத்துக்கிட்டா முழு ரேட் போட்டுத் தர்றோம்." உட்காருங்கள். இப்போது காபி வரும். பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்டக் காசை விற்க வந்தவர், மேற்கொண்டு பன்னிரண்டாயிரம் ஜிபே பண்ணி, ஒரு ஜோடி ஜிமிக்கியோடு வெளியே வரலாம். செய்கூலி, சேதாரம் தனி. துணிப்பை இலவசம்.