புதிய நாய் துரோகமா?

கேள்வி: நெடுங்காலம் வளர்த்த நாய் இறந்துவிட்டது. பனியன் கம்பெனி வாசலில் அநாதையாய்த் திரியும் ஒன்றை எடுத்து வளர்த்தால், பழையதற்குத் துரோகமாகாதா?
— வாசகர், குன்னத்தூர்

பதில்: ஆகாது. இந்திரனே ரதத்துடன் வந்து அழைத்தபோதும், வழித்துணையாய் வந்த நாயைவிட்டு ஸ்வர்க்கம் புகமாட்டேன் என்று மறுத்த தருமபுத்திரர், அதன் ஜாதியை விசாரித்ததாக மகாபாரதத்தில் இல்லை. சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ், இன்றும் திக்கற்ற நாய்களுக்கு வீடு தேடித் தருகிறது. ஆயினும், முன்னது பார்வோ நோயால் மாண்டிருந்தால், அக்கிருமி மண்ணிலே மாதக்கணக்கில் ஜீவித்திருக்குமாதலால், புதியதற்கு முதலில் கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசிகளை முறையாகப் போட்டுமுடித்து, பிறகே அழைத்து வாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசியையும் மறவாதீர்கள். பழைய பெயரை மட்டும் சூட்டிவிடாதீர்கள். புதிய ஜீவனுக்குத் தனிப்பெயர் பெறும் பாத்தியதை உண்டு.