குறுமுனியின் சீடர்

விதுராவிலிருந்து போனக்காட்டுக்கு மலையேறும் கேரள அரசுப் பேருந்தான ஆனைவண்டியில், மடியில் தொட்டியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். ஊர்க்காரர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கினாலும் தொங்குவார்கள், அங்கே உட்காரமாட்டார்கள். விவரம் தெரியாத வெளியூர்க்காரன் நான் உட்கார்ந்தேன். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் ஓர் ஆலங்கன்றுக்குப் பொறுப்பாளி ஆகியிருந்தேன்.

அவர்தான் போன்சாய் அண்ணாச்சி. எதைச் சொன்னாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்: "யார் சொன்னா? அளந்து பாத்தாங்களா?" இந்த இனத்தவர் எல்லா ஊரிலும் உண்டு. சிலர் தோசைமாவு புளிக்கும் நேரத்தைக் குறித்து வைப்பார்கள். அவர்களுக்கு மறுநாள் காலையிலேயே விடை கிடைத்துவிடும். அண்ணாச்சிக்கு வாய்த்தது மரம். கேட்ட கேள்விக்கு மரம் பதில் சொல்ல ஏழெட்டு வருஷம் ஆகும்.

தொட்டியடியில் சரளைக்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது தோட்டக்காரர்களின் வேதவாக்கு. அண்ணாச்சி பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை எடுத்தார். நனைத்துப் படுக்கைவசமாகப் பிடித்தார். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்தினார். மறுபடி சொட்டியது! மண்ணும் இப்படித்தான். அடியில் ஒரு பட்டை அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல் போட்டால் அந்த ஈரம் கீழே இறங்காது, கல்லுக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். ஆழமில்லாத போன்சாய்த் தட்டுக்குப் பொடிமண் ஆகாது, பருமணல்தான் சரி என்பதும் இதனால்தான். அண்ணாச்சியின் வாழ்க்கையில் முடிவு தெரிந்த ஒரே சோதனை இது. ஸ்பாஞ்ச் மட்டும் சமையலறைக்குத் திரும்பவில்லை. தேங்காய் நார் போட்டுத் துலக்கும் அவர் மனைவியைக் கேட்டால் விஞ்ஞானத்தின் விலை தெரியும்.

அடுத்தது கழுநீர்ச் சோதனை. ஐந்து தொட்டிக்கு அரிசி கழுவிய நீர், ஐந்துக்கு வெறும் தண்ணீர். வெறும் தண்ணீர்த் தொட்டிகளில் 'கண்ட்ரோல்' என்று சீட்டு ஒட்டினார். ரேஷன் அரிசியைக் கண்ட்ரோல் அரிசி என்றே சொல்லிப் பழகியவர் அண்ணாச்சியின் அம்மா. அவருக்கு அந்தச் சொல்லின் பொருள் அரை வயிறு. பாவம் பார்த்து, மகன் தூங்கியதும் அவற்றுக்கும் கழுநீர் ஊற்றினார். மிச்சத்தை ஜூன் மழை பார்த்துக்கொண்டது. கடைசியில் பத்தும் ஒரே உயரம். 'கழுநீரால் பயனில்லை' என்று நோட்டில் ஏறிவிட்டது. அம்மா வாயே திறக்கவில்லை.

சோதனை என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று இங்கிலாந்தின் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு தேநீர்க் கதை உண்டு. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று ருசித்தே சொல்வேன் என்றாராம் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகளை, நாலுக்கு நாலாக, வரிசை கலைத்து வைத்தால், குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக அமைய 70-இல் ஒரு வாய்ப்புதான். இதைக் கேள்விப்பட்ட அண்ணாச்சி அம்மா முன்னால் எட்டு டம்ளரை வரிசையாக வைத்தார். அம்மா நிதானமாக எட்டையும் குடித்துவிட்டுச் சொன்னார்: "எட்டும் கடைத்தூளு. நம்ம தோட்டத்துத் தூளு ஒண்ணுகூட இல்ல." போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலைதான் பூட்டிக் கிடக்கிறதே.

1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்குப் போனக்காட்டிலிருந்துதான் ஏறுகிறார்கள். அண்ணாச்சிக்கு அகத்தியர் முனிவர் மட்டுமல்ல, ஆதாரம். "குடத்துல பொறந்ததால குடமுனி, குட்டையா இருந்ததால குறுமுனி. ஆனா கடலையே குடிச்சாரு. தொட்டியில வளந்தா சத்து போயிரும்னு யார் சொன்னா?" உச்சிப்பக்கத்து மரங்களையும் சாட்சிக்கு அழைப்பார். பாறைமேல் மெல்லிய மண், ஓயாத காற்று. கம்பியும் கத்திரியும் இல்லாமலே அவை குட்டையாக முறுக்கிக்கொண்டு நிற்கின்றன.

அம்மா சிரித்தார். "ஏலே, உங்கப்பா கவ்வாத்து வெட்டினாரு, நான் கொழுந்து கிள்ளினேன். மலை முழுக்க மரத்த இடுப்பு உயரத்துல நிறுத்தி வச்சோம். அதுக்கு யாரும் ஜப்பான் பேரு வைக்கலியே?"

உண்மைதான். சும்மா விட்டால் தேயிலை செடியாக நிற்காது, மரமாகிவிடும். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் அப்படி ஆகியும்விட்டது. கவ்வாத்துக் கத்தி படாமல் விட்ட வரிசைகள் தலைக்கு மேலே போய் ஆகாயம் பார்க்கின்றன. அண்ணாச்சி குதித்தார். இதைவிடப் பெரிய கண்ட்ரோல் எங்கே கிடைக்கும்! டேப்பை நீட்டி, எட்டாத உயரத்துக்கு ஸ்டூல் போட்டு அளக்க ஆரம்பித்தார்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அது செடி வளந்த உயரம் இல்லலே," என்றார். "எங்க கை நின்ன உயரம்."

அண்ணாச்சி டேப்பைச் சுருட்டினார். யார் சொன்னா என்று கேட்கவில்லை.