குமிழைக் கண்டால் கை சும்மா இராது

நேற்று என் மச்சினன் வந்திருந்தான். காபி வருவதற்குள் மிக்ஸரின் கெயின் குமிழை வலப்பக்கமாக ஒரு திருகு திருகிவிட்டு, "இப்பப் பேசிப் பாருங்க மாமா, வாய்ஸ் சும்மா பஞ்ச்சா வரும்" என்றான். அவன் ஆதம்பாக்கத்துக்குப் போய்த் தூங்கியும் எழுந்திருப்பான். குமிழ் இன்னும் அவன் வைத்த இடத்தில் நிற்கிறது. அதற்கு முன்னால் எங்கே நின்றது என்று எனக்கு நினைவில்லை. இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல உட்கார்ந்தது வேறு. வீட்டில் குரல் பதிவு செய்கிறவர்கள் மைக்கை மிக்ஸர் வழியாகக் கணினிக்குள் கொண்டுபோவது எப்படி என்று சொல்லப் போகிறேன். கடைசியில் கட்டாயம் சொல்கிறேன்.

வேளச்சேரியில் பொன்னியின் செல்வனை ஒலிப்புத்தகமாக்கத் தொடங்காத ஆள் அநேகமாக நான் ஒருவன்தான். ஐந்து பாகத்துக்கு எனக்குத் தொண்டை போதாது, ஆயுளும் சந்தேகம். எனக்குப் புதுமைப்பித்தன் போதும். கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுள் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்பாரே, அந்தக் கதை. செல்போனிலேயே வாசித்து முடித்திருக்கலாம். சொந்தபந்தம் விடுமா? "மைக் வாங்கு" என்றார் ஒருவர். வாங்கினேன். அது கண்டென்சர் மைக்காம். கேபிள் வழியாக 48 வோல்ட் ஃபேன்டம் பவர் ஏற்றினால்தான் வாய் திறக்குமாம். கணினி அதைக் கொடுக்காது. "அதுக்குத்தான் மிக்ஸர்" என்றார் இன்னொருவர். ஒரு வாய்க்கு எட்டுச் சேனல். ரிச்சி தெருக் கடைக்காரர், "நாளைக்குத் தேவைப்படும் சார்" என்று கட்டிக் கொடுத்தார். நாளைக்கு எனக்கு இன்னும் ஏழு வாய் முளைக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

எதைக் கேட்டாலும் எல்லாரும் ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள்: "ரஹ்மானும் வீட்லதானே ஆரம்பிச்சார்?" ஆரம்பித்தார்தான். 1989இல் கோடம்பாக்கத்து வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தைக் கட்டினார். 1992இல் ரோஜா வந்தது. அந்த மூன்று வருஷமும் அவர் வீட்டுக்கு ஒரு மச்சினனும் வந்து கெயினைத் திருகவில்லை என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

குமிழைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை சும்மா இராது. இது பரம்பரை வியாதி. மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப் 1924இல் இந்த ஊரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதுவரை இந்த ஊர்க்காரர்கள் எதைத்தான் திருகினார்களோ, பாவம். பிறகு வீட்டுக்கு வீடு வால்வு ரேடியோ வந்தது. முள் ஒரு மயிரிழை நகர்ந்தால் இலங்கை வானொலி போய்க் கரகரப்பு வரும். அப்பா ஒருவர்தான் தொடலாம் என்று சட்டம். அப்பா குளிக்கப் போனதும் சித்தப்பா தொடுவார். சித்தப்பா வெற்றிலை வாங்கப் போனதும் அத்தை தொடுவாள். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து "எவன்டா தொட்டது?" என்பார். எவனும் தொட்டிருக்க மாட்டான். தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் ரேடியோவை யாரும் தொட்டதே கிடையாது. அது தானாகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

இப்போது ரேடியோ இல்லை. ஆனால் விரல் இருக்கிறதே. விருந்துக்கு வருகிறவர் ஐந்தில் ஓடும் ஃபேனை நாலில் வைப்பார், மூன்றில் வைப்பார், "ஐந்திலேயே இருக்கட்டும்" என்று தீர்ப்பளித்துவிட்டு உட்காருவார். அவர் கண்ணெதிரே வரிசைக்கு ஏழெட்டுக் குமிழும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் தொப்பியும் போட்ட ஒரு பெட்டியை வைத்தால் என்ன ஆகும்?

மாடிவீட்டு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, "காது கூசுது" என்று ட்ரெபிளைக் குறைத்தார். அப்போது பெட்டியே ஓடவில்லை. என் மாமியார் தூசி துடைக்க வந்தவர், "ஒண்ணொண்ணும் ஒரு திக்கைப் பார்த்துக்கிட்டு இருக்கே" என்று எல்லாக் குமிழ்களின் கோடுகளையும் நேர் வடக்காக நிமிர்த்திவிட்டார். டோன் குமிழ்களுக்கு அதுதான் சரியான இடம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தினமும் துடைப்பார். தண்ணிக் கேன் போடும் தம்பி, "அண்ணா, இதுல எக்கோ வருமா?" என்று கேட்டுக்கொண்டே பட்டனை அழுத்திவிட்டுப் போயிருக்கிறான். முழுக் கதையும் எக்கோவில் பதிவாயிற்று. கடவுள் பேசுகிற இடத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது. கந்தசாமிப் பிள்ளையும் அம்மன் கோயில் திருவிழா மைக் செட்டில் பேசுவதுபோலப் பேசினார்.

எக்கோவை மட்டும் பிறகு எடுத்துவிடலாமே என்பீர்கள். விலை மலிந்த யூஎஸ்பி மிக்ஸர்கள் பலவும் எல்லாவற்றையும் கலந்து முடித்த இரண்டு தடங்களை மட்டுமே கணினிக்கு அனுப்பும். அரைத்த மாவிலிருந்து உளுந்தைத் திரும்பப் பொறுக்க முடியுமா?

இதில் கெயின் விவகாரம்தான் மகா மோசம். மைக்கிலிருந்து வரும் குரல் முதலில் சந்திப்பது அதைத்தான். அங்கேயே சிவப்பு விளக்கு எரிந்து குரல் சிதைந்துவிட்டால், அப்புறம் ஒலியளவு ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் சிதைந்த குரல் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். தவிர, கெயினைக் கூட்டினால் என் குரல் மட்டுமா கூடுகிறது? வேளச்சேரி மொத்தமும் கூடவே உள்ளே வருகிறது. பின்னோக்கி வரும் தண்ணீர் லாரியின் பீப் பீப், ஸ்பீக்கரில் பதிந்து வைத்த குரலில் தக்காளி விலை சொல்லும் வண்டி, மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம், பறக்கும் ரயில், மேல் வீட்டு கிரைண்டர். லோ கட் பட்டனை அழுத்தினால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமல் அடங்கும், ஃபேன் இரைச்சலும் கொஞ்சம் குறையும். தக்காளி அடங்காது. அதற்கு ஜன்னலைச் சாத்தி, மைக்குக்கு ஒரு ஜாண் தூரத்தில் வாயை வைத்து, கெயினைக் குறைத்துப் பேச வேண்டும். இவ்வளவு ஆலோசனை சொன்ன கூட்டத்தில் ஒருவராவது "ஜன்னலைச் சாத்து" என்றாரா? ஜன்னலுக்குத்தான் குமிழ் இல்லையே.

மயிலாப்பூர்ப் பக்கம் டிசம்பரில் கச்சேரிக்குப் போய்ப் பாருங்கள், வியாதியின் முற்றிய நிலை தெரியும். மைக் இல்லாத காலத்தில் பாடகர்கள் நாலு கட்டை, ஐந்து கட்டையில் கொட்டகையின் கடைசி வரிசைவரை குரலை எறிந்தார்கள். இப்போது ஒன்றரைக் கட்டையில் சுகமாகப் பாடுகிறார்கள். பாட்டுக்கு நடுவே விரலால் மேலே காட்டி மானிட்டர் ஸ்பீக்கரைக் கூட்டச் சொல்கிறார்கள். வயலின்காரர் தன்னைக் காட்டி மேலே என்கிறார். மிருதங்கக்காரரும் தன்னைக் காட்டி மேலே என்கிறார். யாரும் யாரையும் கீழே என்பதில்லை, ஒருவரைத் தவிர. அவர் மூன்றாம் வரிசை ரசிகர். பாட்டின் உச்சத்தில் எழுந்து, பின்னால் திரும்பி, "மிருதங்கத்தைக் குறைங்க" என்று இரண்டு கையாலும் காற்றை அமுக்குகிறார். மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலையாட்டிவிட்டு, எதிலும் சேராத ஒரு குமிழைத் தொட்டுக் காட்டுகிறார். ரசிகர் "இப்ப சரி" என்று கட்டை விரலை உயர்த்திவிட்டு உட்காருகிறார். அந்தக் குமிழைப் போல எதிலும் சேராத குமிழ்கள் என் பெட்டியிலும் ஏழு சேனலுக்கு இருக்கின்றன. இனி வருகிறவர்களுக்கு அவற்றைத்தான் காட்டப் போகிறேன்.

மைக்கை மிக்ஸரில் இணைப்பது எப்படி என்று சொல்வதாகச் சொன்னேனே: கேபிளைச் செருகி வையுங்கள். மற்றதை வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த மார்கழியில் சபாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேன்டீனுக்கு ஓடுகிற வழியில், மிக்ஸர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.