பட்டு வேட்டியில் பிரசவம்

ஏல பேராண்டி, காலையிலேர்ந்து இது எத்தனாவது போனுல? ஒங்கப்பன் பொறந்தன்னிக்கு நான் வாழைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு நின்னேன். ஆள் வந்து சொன்னான். மடைய மாத்திட்டுத்தான் வீட்டுக்கே போனேன். நீ என்னடான்னா, சோத்துக்கு வந்த பூன ஒண்ணு பீரோவுக்குள்ள குட்டி போட்டதுக்கு ஆபீசுக்கு லீவு சொல்லிருக்க. என்னன்னு சொன்ன, வீட்டுல பிரசவம்னா? சரிதான், பொய்யில்ல.

குட்டி போட்ட பூன மாதிரி அலையாதன்னு ஊர்ல சொல்லுவாக. இங்க குட்டி போட்டவ ஒன் கல்யாணப் பட்டு வேட்டியில நிம்மதியாப் படுத்துக் கெடக்கா. அலையுதது நீ. வேட்டி போச்சேன்னு ஒம் பொண்டாட்டி அழுதாளாம்லா, அழாண்டாம்னு சொல்லு. ரெண்டு மாசம் வயித்துல சுமந்துக்கிட்டு, இருட்டா, கதகதப்பா, ஆள் கை படாத எடமா ஒன் வீடு பூரா தேடிருக்கா. அந்த வேட்டி கெடந்த எடம் சிக்கிருக்கு. நீ அதக் கட்டிருந்தா சிக்கிருக்குமா?

இனி செய்ய வேண்டியதச் சொல்லுதேன். மணிக்கு ஒருக்க கதவத் தொற. டார்ச் அடி. ஒவ்வொண்ணாத் தூக்கி வீடியோ எடு. மேல்வீட்டுக்காரன், கீழ்வீட்டுக்காரன், வாட்ச்மேன் எல்லாரையும் வரிசையில விடு, டிக்கெட்டுக்கூடப் போடலாம். மறுநாள் விடியக்காலம் பீரோ காலியாக் கெடக்கும். குட்டிய ஏழு வீடு மாத்தும்னு சொல்லுதாகல்லா, அவளுக்கு என்ன வீடு மாத்த ஆசையா? ஒன்னய மாதிரி ஆளு எட்டி எட்டிப் பாத்தா, ஒவ்வொண்ணா பிடரியக் கவ்விக்கிட்டு நடையக் கட்டிருவா. பெறவு நீ மோட்டார் ரூமுல போயித் தேடு.

பாக்கெட் பால் ஊத்துதியாமே! பூனன்னா பாலுன்னு எவன் எழுதி வச்சானோ. ஆசையாக் குடிக்கும், இல்லன்னு சொல்லல. வளந்த பூன பலதுக்கும் மாட்டுப்பால் செரிக்காது, பேதியாயிரும். பெறவு வேட்டிக்கு நான் பொறுப்பில்ல. தண்ணி வையி. முள்ளு எடுத்த மீனு, எலும்பு இல்லாத கோழி, சும்மா அவிச்சுப் போடு. ருசியா இருக்கட்டும்னு வெங்காயமும் பூண்டும் தாளிச்சிராத, அது பூன ரத்தத்தையே கெடுத்துரும். கடையில குட்டிப்பூனைக்குன்னு விக்காம்லா தீவனம், அதத் தாய்க்கும் போடலாம். பால் குடுக்குதவ ரெண்டு மூணு ஆள் சாப்பாடு சாப்பிடுவா. கணக்குப் பாக்காத.

குட்டிக்குக் கண்ணு தொறக்கலன்னு காலையில கத்துனியே. பொறந்த பூனக்குட்டிக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. 7 நாள்லயும் தொறக்கும், 14 நாளும் ஆவும். விரல வச்சுப் பிதுக்கிராத. தொறந்தா நீலமா இருக்கும். ஒடனே சீமைப் பூனைன்னு விளம்பரம் குடுத்துராத, ஒன்றரை ரெண்டு மாசத்துல நெறம் மாறிப் பல்லிளிச்சிரும்.

ஒண்ணு கருப்பு, ஒண்ணு செவலை, ஒண்ணு வரி, ஒண்ணு மூணு நெறம், எப்படித் தாத்தான்னு கேக்க. ஒரே ஈத்துல ரெண்டு மூணு தகப்பனும் இருக்கலாம்ல. அது அவ பாடு. நீ என்ன தாய்மாமன் சீரா செய்யப் போற, விசாரிக்கதுக்கு?

குளிப்பாட்டட்டுமான்னு கேட்ட பாரு, அதுக்குத்தான் ஒன்னய இஞ்சினியருக்குப் படிக்க வச்சோம். ஒடம்புச் சூட்டத் தானாக் காத்துக்கத் தெரியாத பிள்ளைக அதுக. தண்ணி ஊத்துனா வெறச்சுப் போயிரும். மொதல்ல அந்த ஏசிய அமத்து. தாய் நக்கி நக்கியே சுத்தம் பண்ணுவா. மொத மூணு வாரம் அவ அடியில நக்கி விட்டாத்தான் குட்டி ஒண்ணுக்கே போவும். அந்தச் சோலிக்கும் நீ வரேன்னு சொல்லாத.

கை அரிக்குதுன்னா, அவ சாப்பிட எந்திரிக்கையில காய்கறித் தராசுல வச்சு நாளுக்கு ஒருக்க எடை பாரு. பொறக்கையில 100 கிராம் வாக்குல இருக்கும், ரெண்டு வாரத்துல ரெட்டிப்பாகணும். எடை ஏறல, ஒண்ணு மட்டும் ஒதுங்கிக் கெடந்து கத்துது, தொட்டாச் சில்லுன்னு இருக்குன்னா, எனக்குப் போன் போடாத, மாட்டாஸ்பத்திரிக்குப் போ. தாய் சோறு எடுக்கல, மடி கல்லு மாதிரி செவந்து கெடக்கு, கெட்ட வாடை வருதுன்னாலும் அங்கதான். காய்ச்சலா இருக்குமோன்னு ஒன் பாரசிட்டமால உடச்சுக் குடுத்துராத. ஒரு மாத்திரையில பூன செத்துரும்ல. இதுல மட்டும் நான் வெளையாடல.

பால்கனிக் கதவப் பூட்டு. கடுவன் உள்ள வந்தா குட்டியக் கடிச்சுப் போட்டுரும். அதவிடப் பெரிய காரியம் ஒண்ணு இருக்கு. பால் குடுக்குறவ சினை பிடிக்க மாட்டான்னு நெனைக்க. நல்லாப் பிடிப்பா! குட்டிக பால் மறக்க ரெண்டு மாசம் ஆவும். அது வரைக்கும் அவள வெளிய விடாம, பெறவு கூட்டிட்டுப் போய் கருத்தடை பண்ணு. பாவம் தாத்தாங்க. என்ன பாவம்? வருசத்துக்கு மூணு தடவ பீரோவத் தொறந்து கொடுப்பியா? ஒங்கிட்ட இருந்தது ஒரு பட்டு வேட்டி. குட்டிகளும் நாலஞ்சு மாசத்துல வயசுக்கு வந்துரும், ஞாபகம் வச்சுக்கோ.

எட்டு வாரத்துக்கு முன்ன எந்தக் குட்டியவும் பிரிச்சு யாருக்கும் குடுக்காத. எனக்கு வேண்டாம்ல, நான் எதுக்குப் பூன வளக்கேன். நெல்லு மூட்டைய எலி ஓட்ட போட்டுட்டுத் திரியுதேன்னு ஒங்க ஆச்சிதான் பொலம்புதா. சரி, அவளுக்காவ ஒண்ணு போட்டு வையி. செவலை வேண்டாம், அது பெரும்பாலும் கடுவனா இருக்கும், ஊர் சுத்தப் போயிரும். மூணு நெறத்துல ஒண்ணு இருக்குன்னியே, அது பொட்டையாத்தான் இருக்கும். நாலு மாசம் வளத்து, ஊசி எல்லாம் போட்டு, ஆபரேசனையும் முடிச்சுக் கொண்டா. செலவு ஒன்னோடது.