ஒங்க அப்பன்கிட்ட மட்டும் சொல்லிராத

ஏட்டி, மத்தியானம் சாப்புட்ட கையோட பேஸ்மென்ட்டுக்குள்ள எறங்குனவிய, பொழுதடஞ்சுதான் மேல வாரீய. யாரு ஜெயிச்சான்னு கேட்டா, "இதுல யாரும் ஜெயிக்கிறதில்ல தாத்தா"ங்க. அப்ப தோத்தது யாருன்னு கேட்டா அதுவும் கெடையாதுங்க. சீட்டாட்டம்னா துட்டாவது போயிருக்கும், சண்டைன்னா ஒரு பல்லாவது போயிருக்கும். ஒண்ணுமே போகாத, ஒண்ணுமே வராத ஆட்டத்துக்கு இம்புட்டுச் சத்தமா?

முறுக்குத் தட்டு கொண்டாந்து வைக்கிற சாக்குல நானும் எறங்கி ஓரமா உக்காந்து பாத்துட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் அட்டைய மறைப்பா நிறுத்திக்கிட்டு ஒரு பய உக்காந்திருக்கான், நீங்க ஆடுத இந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு அவன்தான் டன்ஜன் மாஸ்டராம். நம்ம ஊருக்கு வருவானே தோல்பாவைக் கூத்துக்காரன், திரைக்குப் பின்னால ஒத்தையா உக்காந்து ராமனுக்கும் அவனே பேசி, ராவணனுக்கும் அவனே பேசி, நடுவுல கோமாளிக்கும் அவனே பேசுவான். இவனுக்கும் அதே பொழப்புத்தான். என்ன, அவன் பாவைக ஆட்டி வச்சபடி ஆடும். இவன் பாவைக சொன்ன பேச்சுக் கேக்காது.

அந்தப் பயலப் பாத்தா எனக்கே பாவமா இருந்துச்சு. வாரம் பூரா கண்ணு முழிச்சு ஒரு கோட்டைய வரஞ்சு கொண்டாந்திருக்கான். அகழி, கொத்தளம், ரகசியப் படிக்கட்டு எல்லாம் அதுல இருக்கு. நீங்க கோட்டைப் பக்கமே எட்டிப் பாக்கல. வழியில ஒரு சத்திரத்துல கஞ்சி ஊத்துன கெழவியப் புடிச்சுக்கிட்டு, ஒம்பேரு என்ன, புருசன் எங்க, முட்டி வலிக்குதான்னு ஊர்க்கத பேசுதீய. அவளுக்குப் பேரே வைக்கல போல அவன், முழிச்ச முழியில தெரிஞ்சுது. அடுத்த வாரம் மரியாதையா அந்தக் கோட்டைக்குள்ள காலு வச்சுட்டு வாங்க. அவன் வயித்தெரிச்சலக் கொட்டிக்காதீய. டிராகன் அவன் கையிலதான இருக்கு?

வாசப்படி ஓரமா ஒரு பையன் உக்காந்திருக்கானே, சிவப்புத் தொப்பி. வீட்டுக்குள்ள வந்தா ஒரு ஹலோ சொல்லவே அவனுக்குத் தொண்டை அடைக்கும். அவன் அரக்கன் வேசத்துல போட்ட சத்தத்துல எங்கையிலருந்த தட்டு ஆடிப்போச்சு. அவன் வாயத் தெறந்த நேரம் பாத்து நீ குறுக்க விழுந்து பேசுன பாரு, அது எனக்குப் பிடிக்கல.

நீ எடுத்திருக்கது களவாணி வேசம். நம்ம குடும்பத்துல அது ஒண்ணும் புதுசில்ல. அடுக்குப் பானையில ஒங்க ஆச்சி ஒளிச்சு வச்ச துட்ட எடுத்துக்கிட்டு சினிமாவுக்குப் போனவன்தான் ஒங்க அப்பன். பகட உருட்டாமலே போனான்.

பகடைன்னதும் ஞாபகம் வருது. இருவது மொகம் உள்ள பகடைய இங்கதான் பாக்கேன். 20 விழுந்தா வீடே அதிருது, சரி. 1 விழுந்தா அதவிடச் சத்தம் கேக்கே, அது எப்படி? ஸ்பெல்லிங் பீயில ஒரு எழுத்து மாறிப்போச்சுன்னு சோறு தண்ணி எறங்காமக் கெடந்தவ நீ. இங்க என்னடான்னா, கள்ளச்சாவி பூட்டுக்குள்ளயே ஒடிஞ்சு போச்சுன்னு அந்த டன்ஜன் மாஸ்டர் பய சொன்னதும் தரையில உருண்டு சிரிச்ச. சிரிச்சு முடிச்சுட்டு அந்தப் பகடைய ஒரு தம்ளருக்குள்ள போட்டுக் கவுத்தி, "ஜெயில்ல போட்டாச்சு"ன்ன. பகடைக்குத் தண்டன குடுக்கிற நீதிமன்றத்த இந்த அமெரிக்காவுலதான் பாக்கேன்.

ஒன் வேசத்துக்கு உள்ள தாளையும் பாத்தேன். உசிருக்கு மார்க்கு போடுத எடத்துல ரப்பர் வச்சு அழிச்சு அழிச்சு ஓட்டையே விழுந்து போச்சு. மேல ஆறு கட்டம்: வலு, சுறுசுறுப்பு, தெம்பு, அறிவு, விவேகம், வசீகரம். அறிவுக்கு ஒரு கட்டம், விவேகத்துக்குத் தனிக் கட்டம்னு பிரிச்சு வச்சிருக்கான் பாரு, அவன் லேசுப்பட்ட ஆளு இல்ல. ஒங்க அப்பனுக்கு அறிவுல கண்ண மூடிக்கிட்டு 18 போடலாம். அடுத்த கட்டத்த நான் நெரப்ப மாட்டேன், பெத்த பாசம் தடுக்கு.

கட்டம் பிரிச்ச அந்த ஆளு யாருன்னு ஒங்கூட்டாளிகள்ட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கேரி கைகாக்ஸ். ஏரி பாக்க விஸ்கான்சினுக்குக் கூட்டிட்டுப் போனியளே, லேக் ஜெனிவா, அந்த ஊருக்காரன். இன்சூரன்ஸ் கம்பெனி வேல போன பெறவு பேஸ்மென்ட்டுல செருப்பு ரிப்பேர் பாத்துக் குடும்பத்த ஓட்டுன மனுசன். மினசோட்டாவுல டேவ் ஆர்னசன்னு இன்னொருத்தன். எல்லாரும் பொம்மைப் பட்டாளத்த மேசையில நிறுத்தி யுத்தம் நடத்திக்கிட்டிருந்த காலத்துல, ஆளுக்கு ஒரு பட்டாளம் எதுக்கு, ஆளுக்கு ஒரு ஆளு போதும்னு சொல்லிச் சுரங்கத்துக்குள்ள எறக்கி விட்டவன் இவன்தான். கைகாக்ஸ் அதத் தன் வீட்டுல வெள்ளோட்டம் விட்டது பெத்த புள்ளைக எர்னியையும் எலிஸையும் வச்சு. 1974ல கைகாக்ஸ், ஆர்னசன் ரெண்டு பேரு பேரையும் போட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு 1000 பெட்டி வந்துது. அது வித்துத் தீரவே ஒரு வருசத்துக்குக் கிட்ட ஆயிருக்கு. 1985ல அந்தப் பெட்டியப் போட்ட கம்பெனியே கைகாக்ஸ் கைய விட்டுப் போச்சு. யாரும் தோக்காத ஆட்டம்ங்கது மேசையோட சரி போல.

அந்த 1985லதான் டிவியில '60 மினிட்ஸ்'காரங்க இத ஒரு பெரிய வெவகாரமாப் பேசுனது. புள்ளைகளுக்குப் பிசாசு புடிக்கும், புத்தி பேதலிச்சுப் போகும்னு இந்த நாட்டு அம்மைமாரு கொடி புடிச்ச காலம் அது. என்ன ஆச்சு? பயக பகடைய மெத்தைக்கடியில ஒளிச்சு வச்சாவ, ஆட்டம் இன்னும் வளந்துது. அன்னைக்கு ஒளிச்சு வச்ச பயக இன்னைக்குத் தகப்பனாகி, மகளுக்குப் பொறந்த நாளைக்குப் பகட வாங்கிக் குடுக்காவ. 2014ல சட்டதிட்டத்த லேசாக்கிப் புதுப் புத்தகம் போட்டாவ. மறு வருசமே குரல் நடிகருக கூடி ஆடுறத 'கிரிட்டிக்கல் ரோல்'னு இன்டர்நெட்டுல காட்டுனாவ. 2016ல 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' வந்து ஒலகம் பூராவும் இருக்க சின்னப் புள்ளைகளுக்கு ஆசைய மூட்டிட்டு. அதுக்கும் மேல, 2025 ஜனவரியில நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன்ல அடுத்தவன் பகட உருட்டுறத டிக்கெட் வாங்கிப் பாத்திருக்காவ. துட்டுக் குடுத்துக் கத கேக்கிற கூட்டம் இன்னும் இருக்கேன்னு எனக்குச் சந்தோசந்தான்.

இப்பச் சொல்லுதத நல்லாக் கேட்டுக்கோ. அம்மைமாரு வஞ்சதால இந்த ஆட்டம் சாகல. அப்பன்மாரு மெச்ச ஆரம்பிச்சாத்தான் சாகும். பள்ளிக்கூடத்துல கிளப்பு வைக்காவளாம், லைப்ரரியில மேச போட்டுக் குடுக்காவளாம், கூச்சப்படுத புள்ளைகளப் பேச வைக்க மனநல வைத்தியருமாரு கூட இத எடுத்துக்கிட்டாவளாம். நல்லதுதான். ஆனா இது கணக்குக்கு நல்லது, இங்கிலீசுக்கு நல்லது, காலேஜ் அப்ளிகேசனுக்கு நல்லதுன்னு ஒங்க அப்பன் காதுல விழுந்துதோ, தொலஞ்ச. மறுநாளே ஒன்னையக் கார்ல ஏத்திக் கொண்டு போய் டிராகன் கோச்சிங்ல சேத்துருவான். செவ்வா, வியாழன் வகுப்பு, ஞாயித்துக்கெழம டெஸ்ட்டு. ரேங்கு போடுவான். 1 விழுந்தா நீ சிரிக்க மாட்ட, அழுவ. அந்தச் சிவப்புத் தொப்பிப் பய அரக்கனாகுறதுக்குப் பதிலா சார்ட்டிபிகேட்டுக்கு ஏங்கிக்கிட்டிருப்பான். புரோசனமில்லாத எடம்னு ஒண்ணே ஒண்ணுதான் ஒனக்கு மிச்சம் இருக்கு, அதக் காப்பாத்திக்கோ.

நேத்து ராத்திரி ஒங்க அப்பன் என்னையக் கேட்டான், "கீழ என்னப்பா செய்யுதாவ?"ன்னு. "ஒண்ணுக்கும் ஒதவாத வெளையாட்டுடே, வெட்டிப் பேச்சு"ன்னேன். மொகத்தச் சுளிச்சுக்கிட்டு லேப்டாப்பத் தெறந்துட்டான். அந்த மட்டும் நீ தப்பிச்ச.

ஆனா எனக்கும் வயசாகுதுல்லா. எப்ப வாய் தவறி என்னத்த ஒளறுவேன்னு யாரு கண்டா? காப்பியில இன்னும் ஒரு கரண்டி சீனி விழுந்தா நாக்கு நல்லாக் கட்டுப்படும். டப்பா மேல் அலமாரியில இருக்கு, ஒங்க அம்ம அடுப்படியிலதான் நிக்கா. களவாணிதான நீ? உருட்டிப் பாரு.